உங்களுக்குத் தெரியுமா? பட்டர்கப்பைத் திருப்பிப் பாருங்கள்!

மே மாத இங்கிலாந்துப் புல்வெளியில் மஞ்சளாய் மின்னுவது பெரும்பாலும் பட்டர்கப்தான். ஆனால் எந்தப் பட்டர்கப்? ரனன்குலஸ் என்ற அந்தப் பேரினத்தில் உலகெங்கும் சுமார் 600 இனங்கள் உண்டு. அதன் குடும்பத்தைச் சேர்த்து எண்ணினால் கணக்கு 2,000ஐத் தாண்டும். மேலிருந்து பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே முகம்தான். துப்பு எல்லாம் பூவின் பின்பக்கத்திலும் காம்பிலும் மண்ணை ஒட்டிய தண்டிலும்தான் கிடைக்கும். நிமிர்ந்து நின்று பார்ப்பவருக்கு ஒரு மஞ்சள். குனிந்து பார்ப்பவருக்கு ஒரு குடும்பமே!

மூன்று மஞ்சளுக்கு மூன்று சோதனை

பிரிட்டன் புல்வெளிகளில் அடிக்கடி கண்ணில் படுபவை மூன்று: உயர்ந்து நிற்கும் புல்வெளிப் பட்டர்கப், தரையில் ஓடும் படர் பட்டர்கப், அடிபெருத்த குமிழ்ப் பட்டர்கப். பூவைத் திருப்பிப் பாருங்கள். பச்சைப் புல்லி இதழ்கள் பின்னால் மடங்கிக் காம்பைத் தொட்டால் அது குமிழ்ப் பட்டர்கப். அடித்தண்டை விரலால் தடவினால் சின்ன வெங்காயம் அளவுக்குப் புடைப்பு தட்டுப்படும். புல்லி இதழ்கள் மடங்காமல் விரிந்திருந்தால் அடுத்த சோதனை காம்பில். விரல்களுக்கிடையே உருட்டும்போது வரிவரியாகப் பள்ளம் உணர்ந்தால் படர் பட்டர்கப். வழுவழுப்பாக உருண்டால் புல்வெளிப் பட்டர்கப். சந்தேகம் தீராவிட்டால் இலைக்கு வாருங்கள். படர் பட்டர்கப்பின் நடு இலைத்துண்டுக்குத் தனிக் காம்பு இருக்கும். புல்வெளிப் பட்டர்கப்புக்கு இருக்காது.

மேடு, சரிவு, பள்ளம்

இங்கிலாந்தில் இடைக்காலத்து உழவர்கள் எருது பூட்டி உழுத வயல்கள் சில, இன்றும் அலை அலையாக மேடும் பள்ளமுமாய்ப் புல் மூடிக் கிடக்கின்றன. அங்கே இந்த மூன்று பட்டர்கப்களும் இடம் பிரித்துக்கொண்டு வளர்கின்றன. நீர் வடிந்து காயும் மேட்டு முகட்டில் குமிழ்ப் பட்டர்கப், சரிவில் புல்வெளிப் பட்டர்கப், ஈரம் தேங்கும் பள்ளத்தில் படர் பட்டர்கப். அரை அடி உயர வித்தியாசமே போதும், ஆள் மாறிவிடும். செடி எது என்று பார்ப்பதற்கு முன் அது எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே பாதிப் பதில் வந்துவிடுகிறது.

நூறு பூ எண்ணினால் புல்வெளிக்கு வயது

படர் பட்டர்கப்புக்கு வழக்கமாக ஐந்து அல்லி இதழ்கள். ஆறு ஏழு இதழோடும் சில பூக்கள் வரும். வேல்ஸில் உள்ள அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தின் ஜான் வாரன் இதை வைத்தே 2009இல் ஒரு கணக்கு வெளியிட்டார். புல்வெளி பழையதாக ஆக, கூடுதல் இதழ்ப் பூக்களின் விகிதமும் ஏறுகிறது. நூறு பூவில் இப்படி ஒன்று இருந்தால் புல்வெளிக்கு ஏறத்தாழ ஏழு வயது; இரண்டென்றால் பதினான்கு. ஓடுதண்டு விட்டுப் பெருகும் செடி என்பதால், உடலில் நேரும் சிறு மரபணு மாற்றங்கள் ஆண்டுக்கணக்கில் அதிலேயே சேர்ந்துகொண்டு போகின்றன என்பது அவர் தந்த விளக்கம். ஆவணம் இல்லாத நிலத்துக்கு வயது காண ஆகும் செலவு, ஒரு மதியப் பொழுது.

தாடைக்கடியில் மஞ்சள் வெளிச்சம்

ஆங்கிலேயக் குழந்தைகள் பட்டர்கப்பை ஒருவர் தாடைக்குக் கீழே ஒருவர் பிடித்து விளையாடுவார்கள். தோலில் மஞ்சள் படிந்தால் அவருக்கு வெண்ணெய் பிடிக்கும் என்று அர்த்தம்! படியாதவர் யாருமில்லை. காரணம் இதழின் கட்டுமானம். மேல்தோல் மிக மெல்லியது, சமதளமானது, மஞ்சள் நிறமி நிறைந்தது. அதன் அடியில் காற்று இடைவெளி. அதற்கும் கீழே மாவுச்சத்து நிறைந்த வெள்ளை அடுக்கு. மேல்தோலும் காற்று இடைவெளியும் ஒளியைக் கண்ணாடிப் பளபளப்போடு திருப்பியனுப்ப, மாவு அடுக்கு மீதியைச் சிதறடிக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் இதை விளக்கினார்கள். ஓர் இதழைப் பிய்த்துச் சாய்த்துப் பாருங்கள்: மேல்பகுதி மினுங்கும், அடிப்பகுதி மங்கலாகவே இருக்கும். அந்த மங்கலான இடத்தில் ஒரு சின்னச் செதில் ஒட்டியிருக்கும். தேன் இருப்பது அதன் பின்னால்தான்.

வெண்ணெய்க்கு நிறம் தந்ததா?

பசு பட்டர்கப் மேய்ந்தால் வெண்ணெய் மஞ்சளாகும் என்பது பழைய ஐரோப்பிய நம்பிக்கை. உண்மையில் பசு அதை ஒதுக்கிவிட்டுச் சுற்றியுள்ள புல்லைத்தான் மேயும். மேய்ந்து மேய்ந்து புல் குறைய, பட்டர்கப் மட்டும் மிஞ்சி வயல் மஞ்சளாகிறது. செடிக்குள் ரனன்குலின் என்ற பொருள் சும்மா இருக்கும். இலை கசங்கியதும் அது புரோட்டோஅனிமோனின் என்ற எரிச்சலூட்டும் நஞ்சாக மாறும். வாயும் குடலும் புண்ணாகும். வெயிலில் உலர்ந்துவிட்டால் அந்த நஞ்சு இரண்டிரண்டாக இணைந்து அனிமோனின் ஆகி வீரியம் இழக்கிறது. எனவே பச்சையாகத் தொடாத செடி உலர்புல்லில் கலந்து வந்தால் மாடு தயங்காமல் தின்கிறது.

எட்டு இதழ் இருந்தால்?

பிப்ரவரிக் குளிரிலேயே மஞ்சள் பூ, பளபளக்கும் இதய வடிவ இலை, எட்டு முதல் பன்னிரண்டு வரை ஒல்லி இதழ்கள், பின்பக்கம் மூன்றே மூன்று புல்லி இதழ்கள் என்றிருந்தால் அது சிறு செலண்டைன். பட்டர்கப்பின் நெருங்கிய சொந்தம். கோடை பிறக்கும் முன் இலையும் தண்டும் மறைந்து மண்ணுக்குள் கிழங்கு மட்டும் மிஞ்சும். கொத்தான அந்தக் கிழங்குகள் மூலநோயின் தோற்றத்தில் இருப்பதால் மூலத்துக்கு அதுவே மருந்து என்று அக்கால நாட்டு வைத்தியர்கள் நினைத்தார்கள். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் இந்தப் பூவைப் பற்றி மட்டும் மூன்று கவிதைகள் எழுதியிருக்கிறார்.

கவிஞருக்கு மாற்றி வைத்த பூ

அந்த அன்பை மதித்து, கிராஸ்மியர் தேவாலயத்தில் உள்ள அவருடைய நினைவுக்கல்லில் செலண்டைன் செதுக்கினார்கள். செதுக்கப்பட்டது பெரிய செலண்டைன் என்பது தாவரம் தெரிந்தவர்கள் நெடுநாளாகச் சுட்டிக்காட்டும் குறை. பெயரில் பாதி ஒன்றானாலும் அது கசகசா குடும்பம். நான்கே இதழ்கள், தண்டை முறித்தால் ஆரஞ்சு நிறப் பால் வடியும். நம்மூர்ப் புறம்போக்கில் முள்ளோடு நிற்கும் பிரம்மதண்டும் அதே குடும்பம்தான், அதை ஒடித்தாலும் மஞ்சள் பால் வரும். பட்டர்கப் கூட்டத்தில் எதை முறித்தாலும் வண்ணப் பால் வராது.

இதழே இல்லாத பட்டர்கப்

காட்டு நிழலில் வளரும் கோல்டிலாக்ஸ் என்ற பட்டர்கப்பில் முழுப் பூவைப் பார்ப்பதே அபூர்வம். ஒரு பூவில் மூன்று இதழ், அடுத்ததில் ஒன்று, இன்னொன்றில் எதுவுமே இல்லை. பூச்சி அரித்தது என்று நினைக்க வேண்டாம், பூப்பதே அப்படித்தான். கரு உண்டாகச் சேர்க்கை தேவைப்படாமலே இது விதை வைக்கும். பிறக்கும் கன்று தாயின் அச்சு. ஆங்காங்கே சிறு வேறுபாடுகள் அப்படியே நிலைத்துவிடுவதால் ஐரோப்பாவில் இதற்குள் நூற்றுக்கணக்கான நுண்ணினங்களைப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். மற்ற பட்டர்கப்களுக்கு உள்ள காரம் இதன் இலையில் கிடையாது என்பது இன்னொரு அடையாளம். அதற்காக மென்று பார்த்துக் கண்டுபிடிக்கத் தேவையில்லை!

பிச்சைக்காரர் பூண்டு

குளத்தோரச் சேற்றில் முளைக்கும் செலரி இலைப் பட்டர்கப் பார்க்கச் சாது. பூ ஒரு சென்டிமீட்டர்கூட இராது. நடுவில் உள்ள பச்சைக் காய்த்தலை இதழ்களைவிட நீண்டு நிற்பதைக் கொண்டு சட்டென அடையாளம் காணலாம். காரத்தில் இதுவே இந்தக் கூட்டத்தின் முதல் வரிசை. பழைய ஐரோப்பாவில் பிச்சையெடுப்போர் இதன் சாற்றைத் தோலில் தேய்த்துக் கொப்புளம் வரவழைத்து இரக்கம் தேடினார்கள் என்று மூலிகை நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. இது வட இந்திய ஆற்றங்கரைகளிலும் உண்டு.

காயிலே முள்

பூ ஒன்றுபோல் இருந்தாலும் காய் காட்டிக்கொடுத்துவிடும். கோதுமை வயல் பட்டர்கப்பின் பூ வெளிர் எலுமிச்சை மஞ்சள்; காயோ முழுக்க முள். அந்த முள்ளோடு கோதுமை மூட்டைக்குள் புகுந்து ஊர் ஊராகப் பரவிய களை இது. விதை சுத்தம் செய்யும் இயந்திரமும் களைக்கொல்லியும் வந்தபின் நிலைமை தலைகீழ். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உழவர் சபித்த செடியை இன்று பிரிட்டனில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலிட்டுக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

ஒரு செடி, இரண்டு இலை

பட்டர்கப் என்றால் மஞ்சள்தானா? ஓடைகளில் மிதக்கும் நீர்க் கிரோஃபுட் வெள்ளை. இதழின் அடியில் மட்டும் குடும்ப மஞ்சள் ஒரு பொட்டாக மிஞ்சியிருக்கும். சில இனங்களில் ஒரே செடியில் இரண்டு வகை இலை. நீர்மேல் மிதப்பது அகலமானது. நீருக்குள் இருப்பது நூல்நூலாகப் பிரிந்தது. வேகமாக ஓடும் ஆற்றில் வளரும் இனத்துக்கு நூல் இலை மட்டுமே, வெள்ளம் அதைக் கிழிக்காமல் நழுவிப் போகும். ஓவியர் மில்லே 1851இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்மில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தம் 'ஒஃபீலியா' ஓவியத்தின் பின்னணியைத் தீட்டினார். அதில் தண்ணீரில் வெள்ளையாகத் தெரியும் சிறு பூக்கள் இந்தக் கிரோஃபுட்தான்.

சேறு மிதிபட்டால்தான் பிழைக்கும்

பாம்புநாக்கு இலைப் பட்டர்கப் பிரிட்டனில் குளொஸ்டர்ஷயர் மாவட்டத்தில் மட்டும்தான் தாக்குப்பிடிக்கிறது. அங்கே அது வளரும் இடங்களில் ஒன்று பேட்ஜ்வொர்த் கிராமத்துச் சிறு குட்டை. அந்தக் குட்டையே ஒரு காப்பகம்! வேலி போட்டு மாட்டைத் தடுத்தால் செடி மகிழும் என்று நினைத்தால் தவறு. குட்டை வற்றி, சேறு மிதிபட்டு, வெற்று மண் தெரிந்தால்தான் விதை முளைக்கிறது. புல் மூடிவிட்டால் இதன் கதை முடிந்தது.

உச்சியில் ஒன்று, பெரியதில் ஒன்று

ஆல்ப்ஸ் மலையில் 4,000 மீட்டருக்கும் மேலே பூக்கும் செடிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று பனிப் பட்டர்கப். வெள்ளையாய் விரிந்து, நாளாக ஆக இளஞ்சிவப்பாகும். பட்டர்கப்களிலேயே பெரியது நியூசிலாந்தின் மவுண்ட் குக் லில்லி. பெயர்தான் லில்லி, வெள்ளைப் பூ, 40 சென்டிமீட்டர் வரை அகலும் வட்ட இலை, இலையின் நடுவில் காம்பு. 1904 முதல் வேட்டைக்காக அங்கே கொண்டுபோய் விடப்பட்ட இமாலய வரையாடுகளுக்கு இது பிடித்த தீனி. ஆட்டைக் கட்டுப்படுத்திய சரிவுகளில்தான் இது மீண்டும் தழைக்கிறது.

இதழாகத் தெரிவது இதழ் அல்ல

சதுப்பு நிலத்தில் தங்க நிறத்தில் பூக்கும், பட்டர்கப் குடும்பத்தையே சேர்ந்த மார்ஷ் மேரிகோல்டைத் திருப்பினால் பின்னால் பச்சையாக எதுவும் இருக்காது. மஞ்சளாகத் தெரிபவையே புல்லி இதழ்கள். அல்லி இதழ் கிடையாது. அனிமோனியும் கிளெமாட்டிஸும் அதே ரகம். கிளெமாட்டிஸுக்குப் பெரும்பாலும் நான்கு, அனிமோனிக்கு ஐந்திலிருந்து மேலே. ஆக, இந்தக் குடும்பத்தில் முதல் கேள்வி நிறம் அல்ல, பின்னால் பச்சை இருக்கிறதா என்பதுதான். இருந்தால் பட்டர்கப் பக்கம் போங்கள். இல்லாவிட்டால் உறவுக்காரர் பக்கம்.

விரியாத பூவுக்குள் பேரம்

குளிர்நாட்டு மலைப் புல்வெளியில் வளரும் இதே குடும்பத்துக் குளோப் பூ கடைசிவரை உருண்டையாகவே இருக்கும். மஞ்சள் புல்லி இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கதவை அடைத்துவிடும். நுழையத் தெரிந்தது பெரும்பாலும் கியாஸ்டோகீட்டா என்ற சிறு ஈக்குத்தான். அது உள்ளே வந்து மகரந்தம் சேர்க்கும், அங்கேயே முட்டையும் இடும். புழு வளர்ந்து விதையைத் தின்னும். எல்லா விதையையும் தின்றுவிடாது என்பதில் இரண்டு தரப்புக்கும் பிழைப்பு.

ஆறடி நகர நூறு ஆண்டு

வசந்தத்தில் காட்டுத் தரையை வெள்ளையாக்கும் உட் அனிமோனி, விதையை நம்புவது குறைவு. மண்ணுக்குள் கிடைமட்டத் தண்டு நீட்டி நீட்டித்தான் பரவும். வேகம்? நூறு ஆண்டுக்குச் சுமார் ஆறடி. ஆகவே இங்கிலாந்தில் ஒரு காட்டில் இது விரிந்து கிடந்தால், அந்தக் காடு பல நூற்றாண்டுகளாக வெட்டி அழிக்கப்படவில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

தொப்பியா, வாலா?

இந்தக் குடும்பத்தின் நீலப் பூக்களைப் பிரிக்க ஒரு சுருக்கு வழி. மேல் இதழ் தொப்பியாகக் கவிந்திருந்தால் அக்கோனைட். பின்னால் ஒற்றை வால் நீண்டால் டெல்ஃபினியம். ஐந்து வால் இருந்தால் அக்விலீஜியா. தொப்பிக்குள் நீண்ட காம்போடு இரண்டு தேன்கிண்ணம் ஒளிந்திருக்கும். அதை எட்டும் திறமை நீள நாக்குப் பெருவண்டுத் தேனீக்கு உண்டு. தொப்பிக்காரரிடம் விளையாட வேண்டாம். அதில் உள்ள அக்கோனிடின் இதயத் துடிப்பைக் குலைத்து உயிரை வாங்கும். சித்த மருத்துவம் வச்சநாபி என்று சொல்வது இமயமலை அக்கோனைட்டின் கிழங்கைத்தான். சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்ப்பதில்லை.

ஏமாற்றும் மஞ்சள்கள்

ஊட்டி, கொடைக்கானல் புல் ஓரங்களில் ஐந்து மஞ்சள் இதழோடு தரையில் படரும் செடியைப் பட்டர்கப் என்று படம் எடுப்பவர்கள் உண்டு. திருப்பிப் பாருங்கள். புல்லி இதழ் ஐந்துக்கு வெளியே இன்னொரு பச்சை வட்டம் தெரிந்தால் அது ரோஜா குடும்பம். பிறகு சிவப்பாக, ருசியே இல்லாத ஒரு 'ஸ்ட்ராபெரி' காய்த்தால் சந்தேகமே வேண்டாம், காட்டு ஸ்ட்ராபெரிப் போலி. 'பெர்முடா பட்டர்கப்' தென்னாப்பிரிக்கப் புளியாரை இனம். மூன்று இதய வடிவச் சிற்றிலைகள் காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் 'பட்டர்கப் மரம்' என்று சொல்வது நம் கோங்கு. அதற்கும் பட்டர்கப்புக்கும் மஞ்சள் தவிர வேறு சொந்தம் இல்லை.

நம் மலையில் அசல்

அசல் பட்டர்கப்பும் நம்மிடம் இருக்கிறது. நீலகிரி, பழனி மலைகளின் உயரப் புல்வெளியில் சிறுநீரக வடிவ இலையோடு ரனன்குலஸ் ரெனிஃபார்மிஸ் பூக்கிறது. உலகிலேயே தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் அது உண்டு. ஈரமான இடங்களில் ரனன்குலஸ் வாலிச்சியானஸ்; இது இலங்கை மலைகளிலும் வளரும். ஓடையோரத்தில் வெள்ளை அனிமோனி, சோலை ஓரத்தில் கிளெமாட்டிஸ் கொடி. சமவெளியில்கூட நரவேலியா என்ற கொடி இருக்கிறது: இலையில் இரண்டு சிற்றிலைகள், மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் பற்றுக்கம்பி.

சென்னை மாகாணத்தின் முதல் குடும்பம்

1915இல் வெளிவரத் தொடங்கிய கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலைத் திறந்தால் முதலில் வருவது நெல்லோ வேம்போ அல்ல, பட்டர்கப் குடும்பம். அந்நூல் பின்பற்றிய பெந்தம்–ஹூக்கர் வரிசை அப்படி. எண்ணற்ற மகரந்தத்தாள்கள், ஒன்றோடொன்று ஒட்டாத தனித்தனிச் சூலகங்கள் ஆகியவற்றைப் பழமையின் அடையாளமாகக் கருதி அக்காலத்தார் இதற்கு முதலிடம் கொடுத்தார்கள். இன்றைய மரபணு வரிசையில் அந்த முதலிடம் போய்விட்டது.

நாட்டு மருந்துக் கடையில் ஓர் உறவு

கருஞ்சீரகம் சீரகத்துக்குச் சொந்தம் இல்லை. சீரகமும் கொத்தமல்லியும் கேரட் குடும்பம். கருஞ்சீரகம் பட்டர்கப் குடும்பம். அதன் வெளிர்நீலப் பூவிலும் அகலமாகத் தெரிபவை புல்லி இதழ்களே. உண்மையான அல்லி இதழ்கள் சுருங்கி, நடுவட்டத்தில் மூடி போட்ட தேன்கிண்ணங்களாகிவிட்டன. குடும்பத்தில் பாதி நஞ்சு என்றால், நாம் பயமில்லாமல் வாயில் போடுவது இது ஒன்றைத்தான்.

படம் எடுப்பவர்களுக்கு

பூவின் முகத்தை மட்டும் எடுத்து 'இது என்ன செடி?' என்று கேட்டால் வல்லுநரும் உதட்டைப் பிதுக்குவார். பூவின் பின்பக்கம், காம்பு, அடி இலை, காய், நிற்கும் இடம் ஆகிய ஐந்தையும் சேர்த்து எடுங்கள். பறிக்க வேண்டாம், மலைப் புல்வெளியின் பெரும்பகுதி காப்புக்காடு, சட்டம் இருக்கிறது. கசக்கவும் வேண்டாம், கசக்கினால்தான் நஞ்சு பிறக்கும். விரல் நுனியால் பூவை மெல்லச் சாய்த்தாலே அது யார் என்பது பாதி தெரிந்துவிடும்.